நல்ல நீர் போத்தலில் வராது

மகனே,

ஸலாம் சொல்லித் தொடங்குகிறேன். சுகம் விசாரிக்கப் போவதில்லை. நீ சுகமாக இருக்கிறாய் என்பது கட்டாரிலிருந்து நீ அனுப்பிய குரல்பதிவிலேயே தெரிந்தது. அதை மூன்று முறை கேட்டேன். முதல் முறையே விளங்கிவிட்டது. விளங்கியதை நம்பத்தான் மற்ற இரண்டு முறையும் தேவைப்பட்டன. “வாப்பா, மாமி செல்றதும் ஒரு நியாயந்தானே. ஹஸ்னாட நெஞ்சுக்குள்ள இரிக்கிற அந்தத் தண்ணியக் கொஞ்சம் எடுத்து லேப்ல குடுத்துப் பாத்தா எல்லாருக்கும் நிம்மதி. ஒங்களுக்குத்தான் லேப் ஆக்களத் தெரியுமே. ரிப்போட் நல்லமெண்டா பேசின நாளிலேயே நிக்காஹ் காவின் எழுதுவம்.” இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, பின்னால் யாரோ கூப்பிட, “சரி வாப்பா, வைக்கிறன்” என்று போய்விட்டாய். என் பதில் ஒரு சொல்தான்: முடியாது. அதோடு நிறுத்தினால் என்னைப் பிடிவாதக்காரன் என்று நினைப்பாய். பிடிவாதக்காரன்தான். ஆனால் இந்த விஷயத்தில் அந்தப் பிடிவாதம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பது உனக்குத் தெரியாது. உன் உம்மாவுக்கும் இந்தக் கிழமைதான் சொன்னேன். அதனால்தான் இந்த வயதில் பேனாவைப் பிடித்து இவ்வளவு எழுதுகிறேன்.

உனக்கு மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் ஹஸ்னாவின் ஸ்கேன் தாள் உன் கையோடு நின்றதா? மாரி மழையில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்குக் களைப்பு நீங்கவில்லை. நிந்தவூர்ப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிற பிள்ளை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று டொக்டரிடம் போனாள். அவர் இதயத்தை ஸ்கேன் பண்ணிப் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒரு குறையும் இல்லை, இரத்தம்தான் குறைவு, மருந்துக் குளிசை போடு என்று அனுப்பினார். தாளின் அடியில் ஒரு வரி எழுதியிருந்தார். இதயத்தைச் சுற்றிச் சிறிது நீர் தெரிகிறது, இயல்பான அளவு. கல்யாணம் முடிக்கப் போகிறவரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று அவளே அந்தத் தாளைப் படமெடுத்து உனக்கு அனுப்பினாள். நீ அதை வரிப்பத்தான்சேனையில் இருக்கிற உன் மாமிக்கு, என் ஒரே தங்கைக்கு, அனுப்பினாய். அவள் தன் மகளிடம் வாசிக்கக் கேட்டு, கடைசி இரண்டு சொற்களை விட்டுவிட்டு மீதியை ஊருக்குச் சொன்னாள். கதை வரிப்பத்தான்சேனையிலிருந்து இங்கே கல்முனைக்கு வர ஒரு நாள்கூட எடுக்கவில்லை. இப்படி ஊர் சுற்றிய கதைக்குப் பதில் மட்டும் ஏன் உறைக்குள் ஒட்டி வரவேண்டும்? எல்லோரும் வாசிக்கட்டும். ஹஸ்னாவின் பெயரை எழுத அவளிடமே அனுமதி கேட்டேன். அவள் சொன்ன மறுமொழி இந்தக் கடிதத்தில் வரும்.

உன் மாமி நம் வீட்டுக்கு வந்த நாளில் நீ இருந்திருக்க வேண்டும். அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவளும் அவளைக் கட்டிய மாப்பிள்ளையும் முச்சக்கரவண்டியில் வந்து இறங்கினார்கள். தேத்தண்ணி வருவதற்கு முன்பே தொடங்கினாள்.

“காக்கா, நெஞ்சுக்குள்ள தண்ணி இரிக்கிற புள்ளையத்தான் எங்கட புள்ளைக்கு முடிச்சுக் குடுக்கப் போறீங்களா?”

“ஒனக்கும் இரிக்கி புள்ள.”

“எனக்கா? எனக்கு பிறஷர் மட்டுந்தான்.”

“ஒனக்கும் இரிக்கி, எனக்கும் இரிக்கி, குசினிக்குள்ள நிக்கிற ஒண்ட மதினிக்கும் இரிக்கி. இல்லாட்டித்தான் நோய் வருத்தம்.”

“ஓம், போத்தல் கழுவினவரு இப்ப பெரிய டொக்டராகிட்டாரு.”

அவள் மாப்பிள்ளை அமைதியான மனிதர், வயலைத் தவிர வேறொன்றும் தெரியாதவர். அவரும் மெதுவாக, “என்னதான் செல்லுங்க மச்சான், தண்ணியெண்டா தண்ணிதானே” என்றார். நான் கேட்டேன்: “வரம்புக்குள்ள நாலு விரக்கடை தண்ணி நிண்டா வயலுக்குள்ள வெள்ளமெண்டு எழுதிப் போடுவீங்களா மச்சான்?” அவர் சிரித்துவிட்டார். “அது பயிருக்கு வேணுமே” என்றார். “இதுவும் வேணும்” என்றேன். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் உன் மாமி தோற்றுப்போக ஒத்துக்கொள்பவளா? “வேணுமோ வேணாமோ, ஊசியால எடுத்து லேப்ல பாக்கட்டும். நல்ல தண்ணியெண்டு கடுதாசி வந்தாக் காவின எழுதுவம். இதுல ஒருத்தருக்கும் நட்டமில்லியே” என்றாள். ஒருவருக்கும் நட்டமில்லை என்று அவள் சொன்னதைத்தான் நீ கட்டாரிலிருந்து நியாயம் என்கிறாய். அவள் படிக்காதவள். நீ படித்தவன்.

இனி நான் யார் என்பதை உனக்கு ஒருமுறை சொல்ல வேண்டியிருக்கிறது. கல்யாண அழைப்பிதழ்க் காட்டில் என் பெயருக்குக் கீழே ‘ஓய்வுபெற்ற சுகாதார உத்தியோகத்தர்’ என்று அடிக்கக் கொடுத்திருக்கிறாய். நான் உத்தியோகத்தனாக ஒரு நாளும் இருந்ததில்லை. அரச ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வுகூடத்தில் முப்பத்தொரு வருடம் சிற்றூழியன். போத்தல் கழுவினேன், கண்ணாடித் துண்டுகளைக் கழுவினேன், மாதிரிகளை வார்ட்டிலிருந்து சுமந்து வந்தேன், தரையைத் துடைத்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். எனக்குப் பிறகு வந்தவர்களெல்லாம் சான்றிதழோடு வந்து வெள்ளைக் கோட்டுப் போட்டு, நான் காட்டிக் கொடுத்ததைப் பார்த்து எழுதிக் கையொப்பம் வைத்தார்கள். என் கண்ணை நம்பினார்கள், பெயரை எங்கும் எழுதவில்லை. அந்தக் கசப்பு எனக்கு இன்றும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆனால் அந்த வேலையைப் பற்றி எனக்கு வெட்கம் இருந்ததில்லை. காட்டைத் திரும்ப அடி. ‘ஆய்வுகூடச் சிற்றூழியர்’ என்று போடு.

என் முதல் பொறுப்பதிகாரி காரைதீவைச் சேர்ந்த ஒரு தமிழர். நாங்கள் சேர் என்போம். கண்டிப்பான மனிதர். நான் கழுவிய குழாயை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு புள்ளி அழுக்குத் தெரிந்தாலும் திருப்பித் தருவார். அவர்தான் தான் படித்து முடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றையும் ஓர் அகராதியையும் என் மேசையில் போட்டுவிட்டு, “சும்மா இருக்கிற நேரம் வாசி. விளங்காட்டிக் கேள். விளங்கின மாதிரி நடிச்சியோ, திரும்பப் போத்தல் மட்டுந்தான் கழுவுவாய்” என்றார். அந்தப் புத்தகத்தை முடிக்க எனக்கு நான்கு வருடம் சென்றது. இதயத்தைச் சுற்றி இரண்டு மடிப்பாக ஒரு பை இருக்கிறது என்பதும், அந்த இரண்டு மடிப்புக்கும் நடுவே ஒன்று முதல் மூன்று மேசைக் கரண்டி வரை நீர் எல்லோருக்கும் இருக்கும் என்பதும் அதில்தான் வாசித்தேன். உனக்கு ஒன்பது வயதில், எறிய வைத்திருந்த பாவிக்காத கண்ணாடித் துண்டுகள் இரண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தேன், ஞாபகம் இருக்கிறதா? நீ இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தேய்த்தாய். கரகரவென்று சத்தம் வந்தது, கண்ணாடியில் கீறல் விழுந்தது. நடுவே ஒரு துளி நீர் விட்டுத் தந்தேன். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. அன்று முழுக்க அதையே செய்துகொண்டிருந்தாய். “தண்ணி போட்டா ஏன் வாப்பா நோகாமப் போகுது?” என்று கேட்டாய். கண்ணாடிக்கு நோகும் என்று நினைத்த பிள்ளை நீ. இதயமும் நிமிடத்துக்கு எழுபது எண்பது தடவை அந்தப் பைக்குள் அசைகிறது. உன் இதயம் உரசாமல் இருப்பதும் அந்தத் துளியால்தான்.

அந்த நீர் அளவுக்கு மேல் சேரும்போதுதான் வருத்தம். அப்போது டொக்டர்மார் நெஞ்சு எலும்பின் கீழே ஊசி வைத்து அதை எடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். போத்தல் வந்ததும் சேர் முதலில் கருவிப் பக்கம் போகமாட்டார். ஒரு பத்திரிகைத் துண்டின் முன்னால் குழாயைப் பிடிப்பார். நீருக்குப் பின்னால் எழுத்து வாசிக்க முடிகிறதா? அப்படியென்றால் தெளிவு. வாசிக்க முடியாவிட்டால் கலங்கல். நிறத்தைப் பார்ப்பார்: வைக்கோல் மஞ்சளா, சிவப்பா, பால் மாதிரியா. எடுத்த அளவைக் குறிப்பார். பிறகு ஒரு பங்கு கோடு போட்ட கண்ணாடியில் வைத்துக் கலங்களை எண்ணுவதற்கு, ஒரு பங்கு சுழற்றி அடியில் படிந்ததைச் சாயம் போட்டு நுணுக்குக்காட்டியில் பார்ப்பதற்கு, ஒரு பங்கு புரதமும் சீனியும் பார்க்க, ஒரு பங்கு கிருமி வளர்கிறதா என்று அடைகாக்க. கசநோய்க் கிருமி என்ற சந்தேகம் இருந்தால் கிழமைக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுப் பதில் கேட்டவர்களை சேர் வெளியே அனுப்பிவிடுவார், அது யாராக இருந்தாலும் சரி.

ஒரு நாள் நான் அவரிடம் கேட்டேன்: “சேர், புத்தகத்துல நல்ல தண்ணி எப்பிடி இரிக்குமெண்டு எழுதியிரிக்கி. இத்தின வருஷத்துல அப்பிடி ஒண்ட நான் காணல்லியே?” அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “எப்பிடிக் காணுவாய்? சுகமா இருக்கிறவன்ர நெஞ்சில ஆரடாப்பா ஊசி குத்துவான்? நல்ல தண்ணி போத்தலில வராது. எங்களிட்ட வாறதெல்லாம் வருத்தம்தான். வருத்தத்தையே பாத்துப் பாத்து, எல்லாத் தண்ணியும் வருத்தமெண்டு நினைச்சிடாத” என்றார்.

நான் நினைத்துவிட்டேன் மகனே. அதைச் சொல்லத்தான் வருகிறேன். அதற்கு முன், நல்ல நீரை ஒரே ஒரு முறை கண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரேத அறையிலிருந்து இரத்த மாதிரி எடுத்துவரப் போனபோது, மோட்டார் சைக்கிளில் விழுந்து தலையில் அடிபட்டு இறந்த ஓர் இளைஞனின் மையித்து அங்கே இருந்தது. டொக்டர் அந்தப் பையைத் திறந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். அடியில் இரண்டு கரண்டி நீர், இளம் மஞ்சள், கண்ணாடி மாதிரித் தெளிவு. “இவ்வளவுதான் எல்லாருக்கும் இருக்கிறது” என்று டொக்டர் தன்பாட்டில் சொன்னார். அதைப் போத்தலில் எடுக்கவில்லை, எடுக்கத் தேவையும் இருக்கவில்லை. அந்த நீரைக் காண ஒரு பிள்ளை மௌத்தாக வேண்டியிருந்தது. இப்போது உன் மாமி கேட்பது என்னவென்று விளங்குகிறதா? நீர் நிறைய இருக்கும்போது ஊசிக்கும் இதயத்துக்கும் நடுவே இடம் இருக்கிறது. இரண்டு கரண்டி நீருக்குள் ஊசி விட்டால் அதன் முனை எங்கே போய் முட்டும்? நல்ல நீர் என்று ஒரு கடுதாசி வாங்குவதற்காக, ஒரு குறையும் இல்லாத இதயத்தைக் குத்திப் பார்க்கச் சொல்கிறாள். எந்த டொக்டரும் செய்யமாட்டார். செய்ய ஒருவர் இருந்தாலும், அந்தப் போத்தலைச் சுமக்க நான் இருக்கமாட்டேன்.

இனி என் குற்றம். நம் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. அதை யாரும் வழக்கம் என்று சொல்வதில்லை. சம்பந்தம் பேசும்போது, மற்றப் பக்கத்து ஆளுக்கு ஏதும் வருத்தம் உண்டா என்று அறிய ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவனைத் தனியாகப் பிடித்துக் கேட்பார்கள். டொக்டரிடம் கேட்கமாட்டார்கள், அவர் சொல்லமாட்டார். என்னிடம் கேட்பார்கள். அப்படிக் கேட்கப்படுவது எனக்குப் பெருமையாக இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த தொடக்க வருடங்களில், நீ பிறப்பதற்கு முன், கல்யாணம் பேசி வைத்திருந்த ஒரு பெண்பிள்ளைக்குக் காய்ச்சலுக்குப் பிறகு இதயத்தைச் சுற்றி நீர் சேர்ந்தது. எடுத்தார்கள். அந்தப் போத்தலை வார்ட்டிலிருந்து நான்தான் கொண்டுவந்தேன். அடுத்த நாள் சந்தைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் மாப்பிள்ளையின் மூத்த காக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி சொன்னார். “லேப்லதானே வேல, அந்தப் புள்ளைட விஷயம் என்ன மாதிரி?” என்றார். நான் சொன்னேன்: “நெஞ்சுக்குள்ள தண்ணி. போத்தல் கொள்ளாம வந்திச்சு.” போத்தல் பாதிதான் இருந்தது. மீதிப் பாதியை நிறைத்தது என் வாய். மற்றதெல்லாம் உண்மை. அந்த நீரில் கிருமி வளரவில்லை, கெட்ட கலம் இல்லை, சேர் கிழமைக் கணக்கில் காத்திருந்து ஒவ்வொன்றாக எழுதினார். அந்தப் பிள்ளை சுகமாகி வீட்டுக்குப் போய் இன்றுவரை நன்றாக இருக்கிறாள். ஆனால் அந்த முடிவு வரும்போது சம்பந்தம் முறிந்து, மாப்பிள்ளைக்கு வேறிடத்தில் காவினும் எழுதியாயிற்று. தேத்தண்ணிக் கடையில் சொன்னதைத் திருத்திச் சொல்ல நான் போகவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

நம் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு கட்டிக் கொடுப்பார்கள். அந்தப் பிள்ளைக்கென்று அவளுடைய வாப்பா கல் கல்லாகச் சேர்த்துக் கட்டிய வீட்டில், இரண்டு வருடம் கழித்து அவளுடைய தங்கைக்குக் கல்யாணம் நடந்து தங்கை குடியேறினாள். அவள் பின் அறைக்குப் போனாள். அந்த அறையில் தையல் மெஷின் வைத்துத் தைத்துக்கொண்டே அவளுக்கு வயது போய்விட்டது. அவர்கள் வீட்டுத் தெருவால் போக நேர்ந்தால் நான் மற்றத் தெருவால் சுற்றிப் போவேன். இத்தனை வருடமும் அப்படித்தான். சின்ன வயதில் உன்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஓதப் பள்ளிக்குப் போகும்போது, “ஏன் வாப்பா இந்தப் பக்கத்தால சுத்திப் போற?” என்று நீயே கேட்டிருக்கிறாய். நான் உனக்குப் பொய் சொன்னேன், அங்கே நாய் இருக்கிறது என்று.

உன் குரல்பதிவு வந்த மறுநாள் அந்தத் தெருவால் போனேன். படலையைத் தட்டினேன். அவளே வந்து திறந்தாள், கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

“யாரு?”

“நான்... ஆஸ்பத்திரி லேப்ல...”

“தெரியும். போத்தல் கழுவுற காக்கா. வாங்க, வெயிலுக்குள்ள நிக்காதீங்க.”

பின் அறை வாசலில் கதிரை போட்டாள். எப்படித் தொடங்குவது என்று வழி முழுக்க யோசித்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. “அண்டைக்குத் தேத்தண்ணிக் கடைல செல்லினது நான்தான்” என்றேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, “எனக்கு அந்தக் கிழமையே தெரியும்” என்றாள்.

“அப்ப ஏன் ஒண்டும் கேக்கல்ல?”

“என்னத்தக் கேக்குற? நீங்க பொய் செல்லல்லியே. போத்தலத்தான் கொஞ்சம் நிறைச்சிட்டீங்க.”

அதுவும் அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு மாப்புக் கேட்டேன். அவள் மெஷினை இரண்டு தடவை மிதித்துவிட்டு நிறுத்தினாள். “இப்ப ஏன் வந்த? ஹயாத்து முடியப் போகுதெண்டு பயமா?” என்றாள். நான் உன் கதையைச் சொன்னேன், ஹஸ்னாவின் பெயரைச் சொல்லாமல். கேட்டு முடித்ததும் ஒரே கேள்வி கேட்டாள்: “அந்தப் புள்ளைக்கு ஊசி போடுவீங்களா?” “இல்ல” என்றேன். “அப்ப அத செஞ்சி முடிச்சிட்டு வாங்க. மாப்ப மறுகா யோசிப்பம். எண்ட பேர மட்டும் எங்கேயும் செல்லப்படா, எழுதப்படா. எண்ட பேரு ஊருக்குள்ள போனது போதும்” என்றாள். பிறகு தேத்தண்ணி தந்தாள். சீனி போட்டிருந்தாள், எனக்குச் சீனி வருத்தம் என்று சொல்ல வாய் வரவில்லை, குடித்தேன். மாப்புக் கிடைக்காமல்தான் வீட்டுக்கு வந்தேன் மகனே. அவளிடம் எனக்குக் கோபமில்லை. மாப்பைக் கையில் தந்து அனுப்ப அது மருந்துக் குளிசை அல்ல.

அடுத்த நாள் நிந்தவூருக்குப் போய் ஹஸ்னாவையும் அவள் வாப்பாவையும் கண்டேன். திறந்த கடிதம் எழுதப் போகிறேன், உன் பெயரை எழுதலாமா மகள் என்று கேட்டேன். “தாராளமா எழுதுங்க மாமா. எண்ட நெஞ்சில குறையில்ல, மறைக்க என்ன இரிக்கி?” என்றாள். பிறகு, தன் வாப்பா பக்கத்தில் இருக்க, சத்தத்தை உயர்த்தாமல் சொன்னாள்: “ஒங்கட மகனுக்கு இதையும் எழுதுங்க. ஊசி போட்டுப் பாக்கணுமெண்டு அவர் இன்னொருக்காக் கேட்டா நான் இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதமில்ல. ஊசிக்குப் பயந்தில்ல. நான் நம்பி அனுப்பின தாள நம்பாம மாமிட வாய நம்பினதுக்கு.” அவள் வாப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளை அடக்கவில்லை. எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது.

நம் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் வாழ்கிறான். நீ அவர்கள் வீட்டில் அவர்கள் சோற்றைத் தின்று, அவர்கள் கிணற்றில் குளித்து, உன் குறட்டை, கோபம், உன் வயிற்றுவலி எல்லாவற்றோடும் போய் இருக்கப் போகிறவன். அந்த வீட்டார் உன்னிடம் ஒரு தாளும் கேட்கவில்லை. உன் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று ஊசி போட்டுப் பார்க்கச் சொல்லவில்லை. உன் நாக்கு நீளமில்லை, அதில் நீ என்னைவிட மேல். ஆனால் உன் விரல் நீளம். அவளுடைய தாளை ஒரு தட்டலில் அனுப்பினாய். நான் ஒரு தேத்தண்ணிக்குச் சொன்னேன். இரண்டுக்கும் வித்தியாசம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

இன்னொன்றும் செய்தேன். தனியார் வைத்திய நிலையம் ஒன்றுக்குப் போய் என் இதயத்தை ஸ்கேன் பண்ணக் கேட்டேன். இளம் டொக்டர், நல்ல பிள்ளை. “என்ன வருத்தம் ஐயா?” என்றார். “வருத்தமில்ல, எண்ட நெஞ்சைச் சுத்தி எவ்வளவு தண்ணி இரிக்கெண்டு பாக்கணும்” என்றேன். சிரித்துக்கொண்டே பார்த்தார். திரையைத் திருப்பிக் காட்டினார்: இதயத்தின் பின்பக்கம் நூல் அளவு ஒரு கறுப்புக் கோடு, இதயம் சுருங்கும்போது தெரிகிறது, விரியும்போது மறைகிறது. “இதெல்லாம் நாங்க எழுதுறதில்ல ஐயா. எல்லாருக்கும் இருக்கிறதை எழுதி என்ன செய்ய? நோமல் என்டு போடுவம்” என்றார். “எழுதுங்க டொக்டர், எனக்கு வேணும்” என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதினார். ஹஸ்னாவின் தாளில் இருக்கிற அதே வரி, கடைசி இரண்டு சொற்கள் உட்பட. அந்தத் தாளின் பிரதி ஒன்றை இந்தக் கடிதத்தோடு வைக்கிறேன். இது என் தாள், ஊருக்குக் காட்ட எனக்கு உரிமை இருக்கிறது. உன் மாமிக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். தன் மகளிடம் கொடுத்து வாசிக்கக் கேட்டாள். இந்த முறை கடைசி இரண்டு சொற்களையும் வாசிக்கச் சொல்லி நான் பக்கத்தில் நின்றேன். கேட்டுவிட்டு, “ஒங்களுக்கு வயசு போன தண்ணி காக்கா, அவளுக்கு இளந்தண்ணி” என்றாள். அவளை என்னால் மாற்ற முடியாது. அவள் கல்யாணத்துக்கு வரட்டும், வராமல் விடட்டும். வந்தால் புரியாணியில் நல்ல இறைச்சித் துண்டு அவளுக்குத்தான்.

உனக்குச் சொல்ல இன்னும் ஒன்றுதான் இருக்கிறது. வரும் மாதத்து இரண்டாம் வெள்ளி, அஸருக்குப் பிறகு, நிந்தவூர்ப் பள்ளிவாசலில் காவின் எழுத நாள் குறித்திருக்கிறது. அந்த நாளை நான் பிந்திப் போடமாட்டேன், முறிக்கவும் மாட்டேன். நீ ஹஸ்னாவுக்கு இன்றே பேசு. ஊசியைப் பற்றிக் கேட்டது பிழை என்று சொல். மாமியின் மேல் போட்டுச் சொல்லாதே, உன் வாயால் கேட்டது உன் பிழை. பிறகு வந்து சேர். நீ வந்தாலும் வராவிட்டாலும் அன்று அஸருக்குப் பிறகு நான் அந்தப் பள்ளிவாசலின் முன் வரிசையில் இருப்பேன். நீ வந்தால் மாப்பிள்ளையின் வாப்பாவாக இருப்பேன். நீ வராவிட்டால், எழுந்து நின்று, வந்திருக்கிற எல்லோருக்கும் கேட்கச் சொல்லுவேன்: இந்தப் பிள்ளையில் ஒரு குறையும் இல்லை, குறை எங்கள் வீட்டில். ஒரு பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல முப்பது வருடத்துக்கு மேல் பிந்திவிட்டேன். இந்தப் பிள்ளைக்கு ஒரு நாள்கூடப் பிந்தமாட்டேன்.

அடுத்த நாள் சனிக்கிழமை, எப்படி முடிந்தாலும், அந்தப் பின் அறைக்குப் போவேன். ஊசி போடவில்லை என்று சொல்லுவேன். உன்னைப் பற்றி என்ன சொல்வது என்பதற்குப் பதிலை நீதான் தரவேண்டும்.

வாப்பா